வீசுவதா, இழுப்பதா? – சித்தூர் ஏரிக்கரையிலிருந்து ஒரு தூண்டில் சரித்திரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மீன் பிடித்த கதை இல்லை, மீன் பிடிக்காத கதை. மீன் எங்கே என்று கேட்டு யாரும் போன் பண்ண வேண்டாம் :-)

போன அக்டோபரில் மாமனார் சித்தூரிலிருந்து வந்திருந்தார். மினியாபொலிசில் அக்டோபர் என்றால் நம்ம ஊர் மார்கழியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்த மாதிரி. வந்த இரண்டாவது வாரமே வீட்டுக்குள் உட்கார்ந்து போரடித்துவிட்டது அவருக்கு. தங்கமணியின் உத்தரவின் பேரில் அவரையும் பன்னிரண்டு வயது மகனையும் அழைத்துக்கொண்டு வடக்கே மில் லாக்ஸ் ஏரிக்குப் போனேன். சுமார் 530 சதுர கிலோமீட்டர் தண்ணீர். கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. "இதை ஏரின்னு சொல்றீங்களா மாப்ள? எங்க ஊர்ல இதுக்குப் பேரு சமுத்திரம்" என்றார் மாமா.

நாங்கள் தேடிப் போனது மஸ்கி என்ற மீன். நன்னீரில் வாழும் பெரிய வேட்டை மீன். ஒரு மீட்டருக்கு மேல் வளரும், வாய் நிறையப் பல். "பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன்" என்று இங்கே சொல்வார்கள். பக்கத்து மாநிலமான விஸ்கான்சின் 1955-லேயே இதைத் தன் மாநில மீனாக அறிவித்துவிட்டது.

இதைப் பிடிக்கப் பயன்படுவது பெரிய கிராங்க்பெய்ட். மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த பொய்மீன். பெரியது 25 சென்டிமீட்டர் நீளம், நூறு கிராமுக்கு மேல் எடை இருக்கும். மூக்கில் ஒரு தகடு, வயிற்றில் மும்முனைக் கொக்கிகள். கயிற்றை இழுத்தால் அந்தத் தகட்டைத் தண்ணீர் எதிர்த்துத் தள்ளும். பொய்மீன் தலைகுனிந்து கீழே போகும், உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டும். அந்த அதிர்வை வேட்டை மீன் தன் விலாவில் ஓடும் உணர்கோட்டால் தெரிந்துகொள்ளும். கலங்கல் தண்ணீரிலும் கண்டுபிடித்துவிடும்.

இதைப் பயன்படுத்த இரண்டு வழி. ஒன்று காஸ்டிங்: படகில் நின்று வீசி, ரீலைச் சுற்றி இழுப்பது. இன்னொன்று ட்ரோலிங்: தண்ணீரில் விட்டுவிட்டு, மெதுவாக ஓடும் படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே போவது. இதில் எது உசத்தி என்பது இங்கே இட்லியா தோசையா மாதிரி தீராத சண்டை.

நான் இன்ஜினியர் ஆச்சே, படகில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு வீச்சு 30 மீட்டர். நிமிஷத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 60 வீச்சு, 1.8 கிலோமீட்டர். அதிலும் பொய்மீன் இறங்கவும் ஏறவும் பாதி தூரம் போய்விடும். சரியான ஆழத்தில் ஓடுவது ஒரு கிலோமீட்டர் கூட வராது. ட்ரோலிங்கில் படகு மணிக்கு 6 கிலோமீட்டர் போனால் ஆறு கிலோமீட்டரும் சரியான ஆழத்திலேயே ஓடும். அதாவது ஆறேழு மடங்கு. கேஸ் முடிந்தது, ட்ரோலிங்தான் என்றேன்.

மாமா கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன நீர்ப்பாசனத் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தூர்ப் பக்கத்து ஏரிகளின் மதகு, கலங்கல் எல்லாம் அவருக்கு மனப்பாடம். பிறகு சொன்னார்: "கணக்கு சரிதான் மாப்ள. ஆனா மீனோட வீடு தெரிஞ்சா வீசணும். தெரியலைன்னாதான் இழுக்கணும்."

மகன் ஆச்சரியமாகக் கேட்டான்: "தாத்தா, உங்க ஊர்லயும் மீன் பிடிப்பாங்களா?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்குத் தெரிந்த தாத்தா ஊர் என்றால் திருப்பதி லட்டு, காணிப்பாக்கம் பிள்ளையார், மாம்பழம். தூண்டில் என்பது ஏதோ வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று நினைத்திருக்கிறான். மாமா சிரித்துவிட்டு, "டேய் கண்ணா, எங்க பக்கம் நாகலாபுரத்துல சாமியே மீன் ரூபத்துலதான் இருக்காரு" என்றார். உண்மைதான். நாகலாபுரம் வேதநாராயண சுவாமி கோயிலில் மூலவர் மச்சாவதாரம். கிருஷ்ணதேவராயர் தன் தாயார் பெயரில் அமைத்த ஊர் அது.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் புத்தகங்களைத் தோண்ட ஆரம்பித்தேன். சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

ஆறு செய்கிற வேலை

1873. மங்களூரில் ஒரு புத்தகம் அச்சாகிறது. பெயர் 'தி ராட் இன் இந்தியா'. எழுதியவர் ஹென்றி சல்லிவன் தாமஸ், மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. தென் கன்னட ஜில்லாவில் வேலை பார்த்தவர். அப்போது சித்தூர் வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரம். ஆக இவர்கள் எல்லோரும் ஒரே மெட்ராஸ் ராஜதானி.

தாமஸின் நாயகன் மஹ்சீர். காவிரி, கபினி, பவானி போன்ற ஆறுகளில் வாழும் பெரிய கெண்டை இனம். தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் பல். ஆனால் வாயின் அழுத்தம் பயங்கரமானது. பொய்மீனையும் கொக்கியையும் நசுக்கித் துப்பிவிடும். 1946-ல் கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ.

அந்தக் காலத்து ரீல்களை நினைத்துப் பாருங்கள். கென்டக்கியில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் 1820 வாக்கிலேயே பற்சக்கரம் வைத்த ரீல் செய்துவிட்டார். ஆனால் லேசான பொய்மீனையும் யார் வேண்டுமானாலும் தூரமாக வீசலாம் என்ற நிலைமை வர இன்னும் காலம் ஆயிற்று. இங்கிலாந்தில் இல்லிங்வொர்த் நிலைச்சுருள் ரீலுக்குக் காப்புரிமை வாங்கியது 1905-ல். அதற்கு முன் பலர் பட்டுக்கயிற்றை ரீலிலிருந்து உருவி, கையிலோ காலடியிலோ வளையமாகப் போட்டுக்கொண்டு வீசினார்கள். கயிறு ஒரு புல்லில் மாட்டினால் போச்சு.

அப்படியும் மஹ்சீருக்கு ஏன் வீச்சு? ஏனென்றால் ஓடும் ஆற்றில் தண்ணீரே பொய்மீனை ஆட்டிவிடும். குறுக்கே வீசிவிட்டுப் பிடித்துக்கொண்டால் போதும், மீதி வேலையை நீரோட்டம் பார்த்துக்கொள்ளும். மீன் நிற்கும் இடமும் தெரியும்: பாறைக்குப் பின்னால், மடுவின் தலைப்பில், இரண்டு ஓட்டம் சேரும் இடத்தில். மாமா பாஷையில் சொன்னால் வீடு தெரிந்த மீன். ஒகேனக்கல் போனவர்களுக்குப் பரிசலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றைத் தாண்டவும், கொக்கியில் மாட்டிய மீனின் பின்னால் போகவும் அருமையான சாதனம். ஆனால் வட்டமான பரிசல் சுற்றிக்கொண்டே போகும். அதன் பின்னால் நேர்கோட்டில் எதை இழுப்பது?

இதே தாமஸ் 1887-ல் இன்னொரு புத்தகம் போட்டார். இந்தியாவின் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியே தனியாக ஒரு புத்தகம். பெரிய ஆறு பக்கத்தில் இல்லாத ஜில்லாக்களில் வேலை பார்த்தவர்களுக்கு வேறு வழி? எங்கள் சித்தூர்ப் பக்கமும் அப்படித்தான். பொன்னை ஆறு, சுவர்ணமுகி எல்லாம் மழை பெய்தால் ஆறு, இல்லாவிட்டால் மணல். தண்ணீர் என்றால் ஏரிதான். ஒன்றின் கலங்கல் வழிந்து அடுத்ததை நிரப்பும் ஏரித்தொடர்.

தவளையும் குஞ்சுக்கூட்டமும்

அந்த ஏரிகளின் ராஜா விரால். தெலுங்கில் கொர்ரமீனு. (மாமா வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. 1911-ல் சித்தூர் தனி ஜில்லா ஆனது. 1953-ல் ஆந்திரா. 1960-ல் திருத்தணி அந்தப் பக்கம், சித்தூர் இந்தப் பக்கம். மீனுக்கு அப்போதும் இரண்டு பெயர், இப்போதும் இரண்டு பெயர்.)

விரால் காற்றைச் சுவாசிக்கும். அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு போகும். அது வந்து போன இடம் தண்ணீரில் தெரியும். தாமரையும் பாசியும் மண்டிய ஏரியில் மும்முனைக் கொக்கி வைத்த கிராங்க்பெய்ட்டை இழுத்தால் மீன் வராது, ஒரு கூடை பாசி வரும். மாமாவின் அப்பா பயன்படுத்தியது ஒரு மூங்கில் கோல், ஒற்றைக் கொக்கி, ஒரு தவளை. பாசியின் இடைவெளியில் தவளையைத் தொப்பென்று போட்டு, மேலேயே தத்த விடுவது. கொக்கி ஒன்றே ஒன்று என்பதால் பாசியில் மாட்டாது. இதுவும் வீச்சுதான், ரீல் இல்லாத வீச்சு. பாட்டி பூஜை உள்ளவர் என்பதால் அந்தக் கோல் வீட்டுக்குள் வந்ததே இல்லை. ஏரிக்கரைப் பனைமரத்தில் சாத்தி வைத்திருப்பாராம் :-)

அந்தப் பெரியவருக்கு ஒரு சட்டம் இருந்தது. விரால் குஞ்சுகள் பொரிந்ததும் கூட்டமாக, செக்கச்செவேல் என்று தண்ணீர் மேலே திரியும். தாயும் தகப்பனும் அடியில் காவல் இருக்கும். அந்தச் சிவப்புக் கூட்டத்தின் மேல் எதைப் போட்டாலும் பெரிய மீன் பாய்ந்து கடிக்கும். பசியால் இல்லை, கோபத்தால். மீனின் வீடு இவ்வளவு தெளிவாகத் தெரிவது வேறு எப்போதும் இல்லை. "அங்க மட்டும் போடக்கூடாதுன்னு எங்கப்பா சொல்லுவாரு. பெருசை எடுத்துட்டா குஞ்சு எல்லாம் மத்த மீனுக்குத் தீனி" என்றார் மாமா.

துடுப்பு போட்டவர்கள்

இனி இழுவை. இது சோம்பேறிகள் கண்டுபிடித்தது என்று வீச்சுக் கட்சிக்காரர்கள் சொல்வார்கள். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. மோட்டார் வருவதற்கு முன்னால் ட்ரோலிங் என்றால் நாள் முழுக்கத் துடுப்பு போடுவது.

நம்ம சோழமண்டலக் கடற்கரையில் கட்டுமரக்காரர்கள் பாய் விரித்து ஓடும்போதே பின்னால் தூண்டிலை இழுத்து வஞ்சிரம் பிடித்தார்கள். மெட்ராஸ் மீன்வளத்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-களில் இந்த ராஜதானியின் மீன்பிடி முறைகளை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். நடுக்கடலில் மீனின் வீடு எது? யாருக்குத் தெரியும்? இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

அமெரிக்காவில் ஜூலியோ பியூல் என்பவர் கரண்டி வடிவத் தூண்டிலுக்கு 1852-ல் காப்புரிமை வாங்கினார். ஏரியில் கை தவறி விழுந்த கரண்டியை மீன் வந்து கவ்வியதைப் பார்த்ததாகக் கதை. பின்லாந்தில் லாரி ரபாலா என்ற ஏழை மீனவர் படகில் துடுப்பு போட்டுப் பிழைத்தவர். சின்ன மீன் கூட்டத்தில் ஒன்று மட்டும் தள்ளாடி நீந்தினால், வேட்டை மீன் அதைத்தான் பிடிக்கிறது என்று கவனித்தார். 1936-ல் தக்கையைச் செதுக்கித் தள்ளாடும் பொய்மீன் ஒன்று செய்தார். மினுமினுப்புக்குச் சாக்லேட் சுற்றிய ஈயத்தாள், மேலே போட்டோ நெகட்டிவ்களை உருக்கிய பூச்சு. இன்று உலகம் முழுக்க விற்கும் ரபாலா அதுதான். இறகு மாதிரி லேசு. அன்றைய கருவியால் வீச லாயக்கில்லை. படகின் பின்னால் இழுக்கத்தான் பிறந்தது.

பிறகு எப்படி வீச்சுக்கு வந்தது? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நைலான் கயிறும் நிலைச்சுருள் ரீலும் சாதாரண ஆட்கள் கைக்கு வந்தன. லேசான பொய்மீனும் தூரம் போக ஆரம்பித்தது. ரபாலாவை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர்கள் எங்கள் மினியாபொலிஸ்காரர்கள் இரண்டு பேர் என்பதில் எனக்கு ஒரு அல்பப் பெருமை. 1962-ல் 'லைஃப்' பத்திரிகையில் கட்டுரை வந்ததும் தேவை எகிறியது. அப்புறம் டென்னசியில் ஃப்ரெட் யங் என்பவர் பால்சா மரத்தில் குண்டாக ஒன்றைச் செதுக்கினார். பெயர் பிக் ஓ. 1970-களில் அது பிளாஸ்டிக்கில் வந்தபோது கிராங்க்பெய்ட் யுகமே ஆரம்பித்தது.

ஆக, துடுப்பு போடுபவன் கண்டுபிடித்ததை வீசுபவன் எடுத்துக்கொண்டான். அதன் பிறகு 'வீசுவதுதான் வீரம்' என்று ஒரு தர்மமும் வந்து சேர்ந்தது. விஸ்கான்சினில் பல உள்நாட்டு ஏரிகளில் மோட்டார் ஓட்டி ட்ரோலிங் செய்யக் கூடாது என்று நெடுங்காலம் தடை இருந்தது. 2015-ல்தான் மாநிலம் முழுக்கப் பெருமளவு தளர்ந்தது. மீன் தீர்ந்துவிடும் என்ற பயமும் உண்டு, 'அது விளையாட்டே இல்லை' என்ற இளக்காரமும் உண்டு.

பழவேற்காட்டுக் கொடுவா

மகனிடம் இதையெல்லாம் சொன்னபோது, "அப்ப தாத்தா ஊர்ல ட்ரோலிங் பண்ற மாதிரி தண்ணியே இல்லையா?" என்றான். 2022 ஏப்ரல் வரை இல்லை என்று சொல்லியிருப்பேன். அந்த மாதம் திருப்பதி தனி மாவட்டம் ஆனபோது சூளூர்ப்பேட்டைப் பக்கமும் அதில் சேர்ந்தது. கூடவே பழவேற்காடு ஏரியின் வட பகுதியும் வந்தது. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பரப்பு பெரிது, ஆனால் ஆழம் சராசரியாக ஒரு மீட்டர் சுமாருக்குத்தான். ஆழமாக முங்கும் கிராங்க்பெய்ட்டை அங்கே இழுத்தால் சேறுதான் உழும்.

அங்கே இருக்கும் வேட்டை மீன் கொடுவா. தெலுங்கில் பண்டுகப்பா. ஆஸ்திரேலியாவில் இதே மீனுக்குப் பரமண்டி என்று பெயர், அங்கே அதற்குப் பெரிய மவுசு. வடக்கு ஆஸ்திரேலியத் தமிழர்கள் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவார்கள்: கரையோரம் விழுந்து கிடக்கும் மரங்களுக்கு வீச்சு, ஆழமான ஆற்று மடுவுக்கு இழுவை. ஒரே மீன், ஒரே பொய்மீன், தண்ணீரைப் பார்த்து முறை மாறுகிறது.

கொடுவாவிடம் ஒரு அதிசயம் உண்டு. ஆணாக வளர்ந்து, வயதானதும் பெண்ணாக மாறும். அதனால் மிகப் பெரிய கொடுவா என்றால் அநேகமாகப் பெண்தான், முட்டையிடும் தாய். மஸ்கியிலும் பெரியவை பெண்கள்தான். பெரிய கிராங்க்பெய்ட் சின்ன மீனை வடிகட்டிவிட்டுப் பெரியதைத் தேடிப் போகிறது. வீசினாலும் சரி, இழுத்தாலும் சரி, நாம் தேடுவது அந்தத் தாயைத்தான். அதனால்தான் மின்னசோட்டாவில் 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு மேல் இருந்தாலும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கோடையில் தண்ணீர் 27 டிகிரி செல்சியஸைத் தொட்டால் தூண்டிலையே எடுத்து வைத்துவிடுவார்கள். சூடான தண்ணீரில் போராடிக் களைத்த மீன் விட்டாலும் பிழைக்காது.

இதைப் படித்தபோது பனைமரத்தில் கோலைச் சாத்தி வைத்த அந்தப் பெரியவர்தான் ஞாபகம் வந்தார். அவரிடம் லைசென்ஸ் இல்லை, அங்குல நாடா இல்லை. சிவப்புக் குஞ்சுக்கூட்டத்தைப் பார்த்தால் கோலை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவார், அவ்வளவுதான். காவிரியின் திமில் மஹ்சீர் 2018-ல் அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகப் பட்டியலுக்குப் போய்விட்டது. உலகப் புகழ் பெற்ற அந்த மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் முடிவானதே அதே வருஷம்தான். எப்படி வீசுவது என்று புத்தகம் வந்து 145 வருஷம் கழித்து! எப்படிப் பிடிப்பது என்று நாம் போட்ட சண்டையில் பாதியையாவது எதை விடுவது என்பதற்குப் போட்டிருக்கலாம்.

சரி, மில் லாக்ஸில் என்ன ஆயிற்று? காலையில் என் கணக்குப்படி ட்ரோலிங். மூன்று மணி நேரம், ஒன்றும் இல்லை. மதியம் மாமா ஒரு பாறைத் திட்டின் ஓரத்தைக் காட்டி, "மதகு மாதிரி இருக்கு, அங்க போடு கண்ணா" என்றார். மகன் வீசினான். எத்தனையாவது வீச்சோ தெரியாது. பொய்மீன் படகருகே வரும்போது அதன் பின்னால் பழுப்பாக, நீளமாக ஒரு உருவம் வந்தது. மகனின் கை நின்றுவிட்டது. கோலின் நுனியைத் தண்ணீரில் எட்டுப் போட வேண்டும் என்று எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மறந்துவிட்டான். மீன் எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே போயிற்று.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மாமாதான், "வீட்டைப் பார்த்துட்டோம்ல, போதும்" என்றார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு போன மாதம் வீடியோ காலில் வந்தார். அவர் வீட்டுப் பக்கத்து ஏரியில் தண்ணீர் இருக்கிறதாம். மகனுக்குக் காட்ட போனைக் கரையோரம் கொண்டு போனார். படம் ஆடியது, ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. "சிவப்பா தெரியுதா கண்ணா, சிவப்பா தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இவன் தெரிகிறது என்று சொன்னான். அடுத்த கோடையில் நேரில் பார்க்க டிக்கெட் போட வேண்டும்.

உங்கள் ஊர் ஏரியில் விராலுக்கு என்ன போடுவார்கள்? எதைப் பிடிக்கக் கூடாது என்று உங்கள் தாத்தா சொல்லியிருக்கிறாரா? எழுதுங்கள்.